நூற்றுக்கு நாலு எக்ஸ்ட்ரா

"எக்ஸ்டெண்டட் போட்டுடலாங்களா சார்?" என்று கேட்டான் பிரவீன்குமார்.

"கேக்கணுமா? போடுங்க" என்றான் பழமலைநாதன்.

சிவசங்கரி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பை வேண்டுமா என்று கேட்டால், பை ஓசியா என்று திருப்பிக் கேட்கிற மனுஷன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் எந்தக் கடையிலும் அவன் முதல் பேச்சிலேயே சரி என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருந்தது அந்தக் கடை. கீழே டிவியும் ஃபிரிட்ஜும், மாடியில் லேப்டாப். விற்பனைக்கு நின்ற பிரவீன்குமார் கையில் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தான். பழமலை ஒவ்வொரு லேப்டாப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். தொட்ட இடத்திலெல்லாம் வெள்ளையாக விரல் தடம் விழுந்தது. பிரவீன்குமார் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தான். பழமலை குளித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். ஆனால் கிளம்பும்போது தன் கப்புப் பட்டறையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

லேப்டாப் சிவசங்கரிக்கு. சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களில் இன்ன நோய்க்கு இன்ன நம்பர் என்று போட வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். கல்யாணத்துக்கு முன்னால் படித்த படிப்பு. கப்பு அடுக்கி அடுக்கி மறந்துபோனதை ஒரு வருஷம் உட்கார்ந்து திரும்பப் படித்து, பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் பார்ப்பார்கள். மெஷின் நின்று வேலை தடைப்பட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேலைக்கு எடுத்த கம்பெனி அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சிவசங்கரி வீட்டில் மெஷின்கள் நிற்கும். மிக்சி நின்றது. டேபிள் ஃபேன் நின்றது. அவள் போனில் சார்ஜர் குத்துகிற ஓட்டை அடைத்துக்கொண்டது. எல்லாம் வெள்ளைத் தூசு. வீட்டை ஒட்டியே பழமலையின் பீங்கான் பட்டறை. டீக்கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கப்பு செய்கிறார்கள். காய்ந்த கப்பைத் தேய்த்து மழமழப்பாக்கும்போது பறக்கிற தூள் யாரையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவதில்லை.

அதனால் கூடுதல் வாரண்டி போட்டே தீர வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் யோசித்தாள். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மனசுக்குள் அவனுக்கு ஒரு மார்க் போட்டாள்.

பில் வந்தது.

"இது என்னா, ஏழாயிரத்து ஐந்நூறு தனியா?" என்றான் பழமலை.

"அதான் சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி. நீங்க போடச் சொன்னீங்கல்ல."

"எக்ஸ்ட்ராவுக்கு எதுக்குய்யா காசு?"

சிவசங்கரிக்கு அப்போதுதான் விளங்கியது. போட்ட மார்க்கை அழித்தாள்.

கப்பு வியாபாரத்தில் எக்ஸ்ட்ரா என்றால் ஒன்றுதான் அர்த்தம். நூறு கப்பு கேட்டால் நூற்று நாலு போகும். வழியில் உடைவதற்காக நாலு. அதற்குக் காசு கிடையாது. வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரம் ஓட்டல் வைத்திருக்கும் சக்கரபாணி, ஒன்றுகூட உடையாத பெட்டியிலும் அந்த நாலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "அஞ்சாவது எங்க பழமல?" என்பார். எக்ஸ்ட்ரா போட்டாச்சா என்று பட்டறையில் பழமலை கேட்காத நாளில்லை. வாங்க வந்த இடத்தில் ஒருவன் எக்ஸ்டெண்டட் என்றது அவன் காதில் எக்ஸ்ட்ரா என்று விழுந்ததும், ஊர் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று நினைத்துவிட்டான்.

"தம்பி, நான் நூறு கப்பு அனுப்புனா நாலு மேல வைக்கிறேன். ஒடஞ்சா வாங்குனவன் தவிக்கக்கூடாதுன்னு. நீங்க என்னடான்னா, ஒடையப்போறது உங்க சாமான், அதுக்கு எங்கிட்டயே காசு கேக்கறீங்க."

"ஒடையும்னு யாரு சார் சொன்னா?"

"ஒடையாதுன்னா வாரண்டி எதுக்கு?"

பிரவீன்குமார் கொஞ்சம் யோசித்தான். "ஒருவேள ஒடஞ்சா, சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒருவேளைக்கு நாலு வைங்க."

"நாலு லேப்டாப்பா சார்?"

"லேப்டாப் வேணாம். நாலு பட்டனு, ஒரு மூடி."

பில் போட்ட பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிவசங்கரி பழமலையின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். இழுத்த இடத்தில் புகை மாதிரி கிளம்பியது.

பிரவீன்குமார் சளைக்கவில்லை. "சார், கம்பெனி வாரண்டி ஒரு வருஷம். இதப் போட்டா மொத்தம் மூணு வருஷம். இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா டேமேஜும் சேந்து வந்துடும்."

"டேமேஜ் சேந்தா ஏன்யா வில ஏறுது? எறங்கணுமே."

இதுவும் பட்டறைப் பேச்சுதான். சூளையிலிருந்து கீறலும் கோணலுமாக வருவது டேமேஜ். சந்தையில் பாதி விலைக்குப் போகும்.

"நல்ல பீஸு ஒரு வில, டேமேஜ் பீஸு பாதி வில. நீங்க டேமேஜுக்கு நல்லத வுட அதிகமா கேக்கறீங்க."

"அய்யோ சார், இது டேமேஜ் பீஸ் இல்ல. டேமேஜ் ஆனா கம்பெனி பாத்துக்கறதுக்கு."

"பாக்கறதுதான? நானே பாத்துக்கறேன்."

"தம்பி, நீங்க இவருகிட்ட பேசாதீங்க" என்றாள் சிவசங்கரி. "எங்கிட்ட சொல்லுங்க. மூணு வருஷத்துல என்னென்ன பாப்பாங்க?"

"உள்ள இருக்கற பார்ட்டு தானா போச்சுன்னா மாத்திக் குடுப்பாங்க மேடம். போர்டு, டிஸ்பிளே, கீபோர்டு எல்லாம். டேமேஜும் போட்டீங்கன்னா, கீழ வுழுந்தது, தண்ணி ஊத்திக்கிட்டது."

"தூசுல போனா?"

பிரவீன்குமார் மஞ்சள் துணியை மடித்தான். பழமலையின் சட்டையைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"தூசுக்கு வராதுங்க மேடம். தூசு, பூச்சி, எலி, மூணுக்கும் கெடையாது. போன மாசம்கூட பீங்கான் பட்டறைக்காரர் ஒருத்தர் கொண்டாந்தாரு. தொறந்தா உள்ள பவுடர் டப்பா மாதிரி இருக்குது. சர்வீஸ்காரரு தும்மிட்டாரு. வாரண்டி இருந்துச்சு. ஆனா குடுக்கல."

"தும்முனதுக்குக் காசு கேக்காம வுட்டீங்களே" என்றான் பழமலை.

"இப்பவே முடிவு பண்ண வேணாம் சார். ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது. ஒரு போன் பண்ணுங்க, போட்டுடலாம்."

லேப்டாப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஓர் அறை. கதவு உள்ளது அந்த அறைக்குத்தான். அதன் ஒரே ஜன்னலையும் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே சுவர் முழுக்கச் சட்டங்கள், சட்டங்களில் பலகைகள், பலகைகளில் பச்சைக் கப்புகள். சுடாத கப்பு பச்சை. கப்பின் பிடிக்குக் காது என்று பேர். காது ஒட்டின புதிதில் காற்றுப் படக்கூடாது. காது மெல்லிசு. அது முந்திக் காய்ந்தால் ஒட்டின இடத்தில் விட்டுவிடும். அதனால் வீட்டிலேயே காற்றில்லாத அந்த அறை கப்புகளுக்கு என்று ஆகிவிட்டது. மனுஷர்கள் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்தார்கள்.

சிவசங்கரி லேப்டாப்பைக் கூடத்து மேஜையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டாள். மறுநாள் துண்டை எடுத்து உதறினாள். லேப்டாப்பைத் திறந்து, கம்பெனி அனுப்பிய பயிற்சிப் பாடத்தை மத்தியானம் வரை பார்த்தாள். பக்கத்தில் பட்டறையில் கப்பு தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிட எழுந்தபோது மூடியைச் சாத்தினாள். சாப்பிட்டுவிட்டு வந்து மூடியின் மேல் விரலால் 'ச' என்று எழுதிப் பார்த்தாள். எழுத்து நன்றாகவே தெரிந்தது.

பழமலை சாப்பிட வந்தான். அவள் எழுத்தைக் காட்டினாள்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றான்.

"அந்த ரூமு எனக்கு வேணுங்க."

"எந்த ரூமு?"

"நம்ம வூட்டுல எத்தன ரூமு இருக்குது?"

அவன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினான். "அது கப்பு ரூமு சங்கரி."

"கப்பு கூடத்துல காயட்டும்."

"கூடத்துல ஃபேனு ஓடுது. காத்தடிச்சா காது வுட்டுடும்."

"அப்ப ஃபேன நிறுத்துங்க."

"சித்திர மாசத்துலயா? கப்புக்கு முன்ன நாம காஞ்சிடுவோம்."

"திங்கக்கிழம வேல. மூணு மாசம் இது நிக்காம ஓடணும். கூடத்துல வச்சா ஓடாது. மிக்சியப் பாத்தீங்கல்ல?"

அவன் மோர் ஊற்றிக்கொண்டான். குடித்து முடித்ததும் முகம் தெளிந்தது.

"அந்தத் தம்பி சொன்னத யோசிச்சுப் பாத்தேன். தப்பா ஒண்ணும் சொல்லல. எக்ஸ்ட்ராவப் போட்டுடுவோம். டேமேஜும் சேத்தே போட்டுடுவோம்."

சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு பட்டனுக்குக் கடையில் சண்டை பிடித்த ஆள்.

"வேணாம்" என்றாள்.

"நீதான வேணும்னு நெனச்சுக்கிட்டு வந்த?"

"நெனச்சேன். தூசுக்கு வராதுன்னு சொன்னாரே, அது உங்க காதுல வுழலையா?"

"தண்ணி ஊத்திக்கிட்டா வருமாம்ல?"

"அதுக்கு?"

பழமலை குரலைத் தாழ்த்தினான். "தூசு புகுந்து நின்னுடுச்சுன்னு வையி. ஒரு சொம்பு தண்ணிய ஊத்திக் கொண்டு போய்க் குடுத்துடலாம்."

"நம்ம தூசும் தண்ணியும் சேந்தா என்னா ஆவும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? சர்வீஸ்காரரு தொறந்தாருன்னா உள்ள கப்பு இருக்கும்."

வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அமிர்தத்துக்குப் புரையேறியது. பட்டறையில் காது ஒட்டுகிறவள் அவள்தான். பழமலையைவிட மூத்தவள்.

"என்னாக்கா சிரிப்பு?" என்றான் பழமலை.

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க எங்க வேணா காய வைங்க. காது வுட்டுச்சுன்னா என்னத் திட்டக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"பாத்தியா? அக்காவே பயப்படறாங்க."

"அவங்க கப்புக்குப் பயப்படல. உங்க வாய்க்குப் பயப்படறாங்க" என்றாள் சிவசங்கரி.

அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது. அவன் ரூம் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் துண்டை இரண்டாக மடித்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பூருக்குச் சரக்கு கட்ட வேண்டியிருந்தது. மூன்று பேரும் பட்டறை வாசலில் உட்கார்ந்தார்கள். நடுவில் வைக்கோல் குவியல், சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். பழமலை கப்புகளை எண்ணிக் கொடுத்தான். அமிர்தம் வாங்கி அடுக்கினாள். சிவசங்கரி பெட்டியைக் கட்டினாள். திங்கட்கிழமை கண் முன்னால் நின்றது. கூடத்தில் லேப்டாப் துண்டுக்கு அடியில் இருந்தது. சாயங்காலத்துக்குள் பிரவீன்குமாருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

"அக்கா, வைக்கோல இன்னும் திணிங்க" என்றான் பழமலை. "ஓரத்துல பாருங்க, கை போவுது."

"திணிச்சுட்டுதான இருக்கறேன்."

"இது திணிக்கறதா? தடவிக் குடுக்கறீங்க."

சிவசங்கரி கயிற்றை முடிச்சுப் போடப்போனவள் நிறுத்தினாள். "இந்தப் பெட்டிக்கு எக்ஸ்ட்ரா போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்புறம் வைக்கோலு எதுக்கு?"

"இதென்னா கேள்வி? ஒடையாம இருக்கத்தான்."

"ஒடஞ்சா எக்ஸ்ட்ரா இருக்குதே."

"எக்ஸ்ட்ரா நாலுதான சங்கரி? வைக்கோலு இல்லன்னா நாப்பது ஒடையும். சக்கரபாணி அண்ணன் என்னச் சும்மா வுடுவாரா? எக்ஸ்ட்ரா போட்டாச்சுன்னு எவனாவது வைக்கோலு இல்லாம அனுப்புவா…"

வாய் மூடாமல் பேச்சை நிறுத்தினான். கை வைக்கோலுக்குள் அப்படியே இருந்தது. அமிர்தம் ரொம்ப அக்கறையாக ஒரு கப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு எக்ஸ்ட்ரா வேணாங்க" என்றாள் சிவசங்கரி. "வைக்கோலு மட்டும் குடுங்க."

பழமலை அவளைப் பார்த்தான். அடுத்து அமிர்தத்தைப் பார்த்தான். அங்கே உதவி கிடைக்கவில்லை. மடியிலிருந்த வைக்கோலை உதறிவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனான். கூடத்தில் சுவிட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஃபேன் மெதுவாகி நின்றது. பின் அறைக் கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில், ஒரு பலகைக் கப்பைத் தோளில் தாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்துக் கூடத்துக்கு வந்தான்.

"எல்லாரும் பாத்துட்டு இருக்கீங்களா?" என்றான் மூச்சை விடாமல். "வாசக் கதவச் சாத்துங்க. காத்து வருது."

பொழுது சாய்கிற வரை பலகை தூக்கினார்கள். கூடம் கப்பால் நிறைந்தது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். டிவிக்கு முன்னால் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்குத்தான் இடம் மிஞ்சியது. காலியான அறையைச் சிவசங்கரி தானே ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். மேலே ஒரு ஃபேன் இருந்தது. மறந்துபோய் யாரும் போட்டுவிடக்கூடாது என்று அதன் இறக்கைகளைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். பழமலையே ஸ்டூலில் ஏறி அவிழ்த்தான்.

ஸ்டூலில் அவன் நிற்கும்போது போன் வந்தது. சிவசங்கரி எடுத்தாள்.

"மேடம், பிரவீன்குமார் பேசறேன். இன்னைக்கோட டைம் முடியுதுங்க. போட்டுடலாங்களா?"

"வேணாம் தம்பி."

"ஒருவேள எதுனா ஆச்சுன்னா மேடம்?"

"மொத வருஷம் கம்பெனி பாத்துக்கும்ல? எனக்கு மொத மூணு மாசம்தான் முக்கியம். வேல நெலச்சுதுன்னா, அப்புறம் போறத நானே சம்பாதிச்சுப் பாத்துக்கறேன்."

"தூசு மேடம்?"

"தூசுக்கு ரூமு கெடச்சுடுச்சு."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "சாரு என்ன சொல்றாரு?" என்று கேட்டான்.

"சாரு ஸ்டூல் மேல இருக்காரு."

"சரிங்க மேடம். ஆல் தி பெஸ்ட்" என்று சொல்லி வைத்துவிட்டான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை சிவசங்கரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடைத்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மேஜை, மேஜையில் லேப்டாப். மேலே ஃபேன் ஓடியது. முதல் பில்லுக்குப் போட்ட நம்பரை மூன்று தடவை சரிபார்த்தாள். இரண்டாவதை ஒரு தடவை. அதற்கப்புறம் போட்டுக்கொண்டே போனாள்.

மத்தியானம் கதவைத் தட்டினான் பழமலை. சொந்த வீட்டில் அவன் கதவு தட்டுவது அதுவே முதல் தடவை.

"என்னங்க?"

"கூடத்துல வேகுது. அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்துட்டுப் போறேன்."

"தூசோட வரக்கூடாது."

"குளிச்சிட்டேன். சட்டையும் மாத்திட்டேன். வேணா மோந்து பாரு."

திறந்தாள். தலை ஈரமாக இருந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தான், பெண் பார்க்க வந்த அன்று மாதிரி. தரையில் சுவரோரம் உட்கார்ந்து, ஃபேனைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டான்.

"கப்பு எப்டி இருக்குது?" என்றாள்.

"ரெண்டு வுட்டுடுச்சு. மத்தது கெட்டியா இருக்குது. அந்த ரெண்டும் நான் தூக்கும்போது இடிச்சது. அக்காகிட்ட சொல்லாத." திரையை எட்டிப் பார்த்தான். "என்னா வேல இப்ப?"

"எங்கயோ ஒரு பெரியவரு வுழுந்து கை ஒடஞ்சிடுச்சு. அதுக்கு நம்பர் போடணும்."

"ஒடஞ்சதுக்கெல்லாமா நம்பரு இருக்குது?"

"எந்தக் கை, எந்த எலும்பு, எங்க வுழுந்தாரு, எல்லாத்துக்கும் இருக்குது."

"காது வுட்டா?"

"அதுக்கும் இருக்குது. எடது காதா வலது காதான்னு கேக்கும்."

பழமலை இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் மணி அடித்தது. சிவசங்கரி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். திரையில் கம்பெனி அம்மாவின் முகம் வந்தது. கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. சிவசங்கரி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். இரண்டு இடத்தில் அந்த அம்மா சொன்னதைத் திருத்தவும் செய்தாள். அந்த அம்மா ஒத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

திரையின் ஓரத்தில் சின்னதாக அவளுடைய படமும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், சுவரோரம், பழமலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் மூடியிருந்தது. அவள் ஆங்கிலம் பேசி அவன் கேட்டதில்லை. ஃபேனை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி யாரும்மா?" என்று கேட்டாள் கம்பெனி அம்மா, தமிழில்.

"எங்க வூட்டுக்காருங்க மேடம். பீங்கான் பட்டறை வச்சிருக்காரு."

பழமலை தலையைத் தடவிவிட்டுக்கொண்டான். எழுந்து இரண்டடி முன்னால் வந்து திரைக்குள் குனிந்தான்.

"வணக்கம் மேடம். உங்க ஆபீசுக்கு டீ கப்பு யாருகிட்ட எடுக்கறீங்க?"

சிவசங்கரி மைக்கை அணைத்தாள். அவனைப் பார்க்காமலே கதவைக் கைகாட்டினாள். திரையில் அந்த அம்மா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பழமலை கதவை ஒருசாண் திறந்து, ஃபேன் காற்று கூடத்துக்குப் போய்விடாதபடி உடம்பைச் சுருக்கி வெளியேறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அவள் மைக்கைப் போட்டாள்.

"சாரி மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பில்லைத் திறந்தாள்.